கோமதிநாயகம் எண்

தன் கட்டுரை தவறு என்று பேராசிரியர் கோமதிநாயகம் உலகுக்கு அறிவித்த பதினோராவது நாள், அந்தக் கட்டுரையின் மதிப்பு முன்பைவிட ஏறியிருந்தது.

அவர் முதலில் நம்பவில்லை. தரமணியில் இருந்த தன் அலுவலக அறையில், திரையை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். மேற்கோள்கள் 6,412 என்று இருந்தது 6,498 ஆகியிருந்தது. அதற்குக் கீழே சான்றியின் பச்சை எழுத்து: ‘உயிர்ப்புள்ள ஆய்வு. நம்பகம்: மிக உயர்வு.’

சான்றி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டுக்கு அறுபது லட்சம் ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகும் காலத்தில், எந்த அதிகாரியாலும் அவற்றைப் படித்து முடிவெடுக்க முடியவில்லை. அதனால் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. அணையோ பாலமோ மருந்தோ உரமோ, எதுவானாலும் சான்றியிடம் கேட்க வேண்டும். சான்றி உலகத்து ஆய்வுகளையெல்லாம் ஒரே வரைபடமாக வைத்திருந்தது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்களோ, அவ்வளவு அதற்கு எடை. எடை மிகுந்த கட்டுரை சொல்வதே பதில். பதிலை மீறும் அதிகாரிக்கு வேலை போகும்.

தமிழ்நாட்டுக் குளங்களைப் பொறுத்தவரை அந்த வரைபடத்தில் மிகப் பெரிய புள்ளி கோமதிநாயகத்தினுடையது. இருபத்தேழு வயதில் எழுதிய கட்டுரை. குளம் நிறைந்து மழை தொடர்ந்தாலும், மண்கரை எழுபத்திரண்டு மணி நேரம் தாங்கும். அதுவரை தண்ணீரை வெளியேற்றத் தேவையில்லை என்று அது சொன்னது. அப்போது ஊரெல்லாம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டையும் கடலுக்கு விடாமல் தேக்கலாம் என்று கணக்கோடு சொன்ன இளைஞரைக் கொண்டாடினார்கள். பாடப் புத்தகத்தில் அதற்குக் ‘கோமதிநாயகம் எண்’ என்று பெயரே விழுந்துவிட்டது.

அந்த எண் தவறு என்று அவருக்குச் சொன்னவர் எப்சிபா. திருநெல்வேலி மாவட்ட நீர்வளத் துறையில் உதவிச் செயற்பொறியாளர். நாற்பத்தொரு வயது. ஜனவரியில் ஒருநாள் காலையில், முன்கூட்டிச் சொல்லாமல், கனத்த கட்டைப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், என் பேரு எப்சிபா. பாளையங்கோட்டையிலேருந்து வாரேன். உங்க நம்பரப் பத்திப் பேசணும்.”

“எந்த நம்பர்?”

“எழுவத்திரண்டு.”

நவம்பரில் செங்கானூர்க் குளம் உடைந்த செய்தியை அவர் பார்த்திருந்தார். இயற்கைப் பேரிடர் என்று விசாரணையை முடித்திருந்தார்கள். சான்றி சொன்னபடி எல்லாம் நடந்திருந்ததால் யார் மீதும் குற்றமில்லை.

“நான்தான் சார் அன்னைக்குக் கரையில நின்னேன்” என்றார் எப்சிபா. “இருவதாவது மணி நேரத்துலேயே கரை ஊற ஆரம்பிச்சிட்டு. வெளிப்பக்கம் கசிவு. மிச்சத் தண்ணிய வெளிய விடுத மறுகால் ஷட்டரத் திறக்க சான்றிகிட்ட அனுமதி கேட்டேன். எழுவத்திரண்டு மணி நேரம் தாங்கும், திறக்கக் கூடாதுன்னு வந்துது. மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் அதே பதிலு. முப்பத்தோராவது மணி நேரத்துல கரை போயிட்டு.”

“எத்தனை பேர்?”

“மூணு பேரு. கரைக்குக் கீழ டீக்கட வச்சிருந்த சுயம்புலிங்கம், அவரு சம்சாரம் கனகமணி. டீ குடிக்க நின்ன போஸ்ட்மேன் ஒருத்தரு, அருளானந்தம்.” கட்டைப்பையைத் தரையில் இறக்கி வைத்தார். “அன்னைக்குக் காலையில நானும் அந்தக் கடையிலதான் டீ குடிச்சேன்.”

பையிலிருந்து பதினொரு டைரிகளை எடுத்து மேசையில் அடுக்கினார். பதினோரு மழைக்காலங்கள், அறுபத்து நான்கு குளங்கள். எந்தக் கரையில் எத்தனையாவது மணி நேரத்தில் கசிவு தொடங்கியது, எங்கே நண்டு வளை, எங்கே வேர் ஓடிய பொந்து என்று தேதிவாரியாக எழுதியிருந்தார். புதிதாகப் பலப்படுத்திய கரைகள் மூன்று நாள் தாங்கின. பழைய கரைகளை இருபது மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியவில்லை.

“இதை எங்கயாவது பப்ளிஷ் பண்ணியிருக்கீங்களா?”

“டிபார்ட்மெண்டுக்கு ரிப்போர்ட்டா அனுப்பினேன் சார். எங்க பக்கத்து இன்ஜினியருங்க எல்லாரும் இதத்தான் வச்சிப் பாக்காங்க. ஆனா அவங்க யாரும் பேப்பர் எழுதுதவங்க இல்லல்லா.”

எப்சிபா போன பிறகு கோமதிநாயகம் தன் பழைய களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தார். நான்கே நான்கு குளங்கள். அந்த நான்கையும் அவர் தேர்ந்தெடுத்த காரணம் சாதாரணமானது: ஆய்வு வண்டி போக நல்ல சாலை இருந்தது. சாலை ஏன் நன்றாக இருக்கிறது என்று அப்போது அவர் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று நாள் துறையின் பழைய பதிவுகளைக் கிளறியதில் விடை கிடைத்தது. முந்தின ஆண்டு அந்த நான்கு கரைகளையும் பலப்படுத்தியிருக்கிறார்கள். மண் லாரிகள் வந்துபோகவே சாலை போட்டிருக்கிறார்கள்.

அவர் சோதித்தது புதுக் கரைகளை. எழுதியது எல்லாக் கரைகளையும் பற்றி.

இத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினார்களே, ஒருவருக்குமா சந்தேகம் வரவில்லை? அவர் நாற்பது கட்டுரைகளை எடுத்துப் படித்தார். இரண்டில்தான் யாரோ உண்மையிலேயே ஒரு கரையை அளந்திருந்தார்கள். மற்றவற்றில் அவர் பெயர் முதல் பத்தியில் வந்தது, கல்யாணப் பத்திரிகையில் குலதெய்வத்தின் பெயர் வருவதுபோல.

மார்ச் மாதம் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அடுத்த பத்து நாளில் எண்பத்தாறு புதிய கட்டுரைகள் வந்தன. தவறு எப்படி நேர்ந்தது என்று சில, ஆய்வாளரின் நேர்மையைப் பாராட்டிச் சில, திரும்பப் பெற்றது தேவையில்லை என்று சில. எல்லாவற்றின் அடியிலும் அவருடைய பழைய கட்டுரையின் பெயர் இருந்தது.

*

சான்றியின் மதிப்பீட்டுப் பிரிவுக்குத் தலைவர் தமயந்தி. முனைவர் பட்டக் காலத்தில் கோமதிநாயகத்துக்குப் பக்கத்து ஆய்வகத்தில் இருந்தவர். அவருடைய அறையில் ஒரு சுவர் முழுவதும் வரைபடம் ஒளிர்ந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டுரை, ஒவ்வொரு கோடும் ஒரு மேற்கோள்.

“உங்க கட்டுரை தப்புன்னு எனக்குத் தெரியும் கோமதி. உங்க அறிவிப்பை நான் படிச்சேன். சான்றி படிக்காது.”

“ஏன் படிக்காது? இவ்வளவு பெரிய இயந்திரம்.”

“முதல் ரெண்டு வருஷம் படிச்சுது. இது பாராட்டு, இது மறுப்புன்னு பிரிச்சுது. அறுநூறு வழக்கு வந்தது. என்னைப் பாராட்டினதை மறுப்புன்னு எடுத்துக்கிச்சுன்னு ஒருத்தர் வந்தார், எங்க நாட்டு எழுத்து நடை அதுக்குப் புரியலைன்னு இன்னொருத்தர் வந்தார். கடைசியில பொருள் பாக்கவே கூடாது, எண்ண மட்டும் செய்யணும்னு தீர்ப்பு ஆயிடுச்சு. எண்ணிக்கைக்குப் பாரபட்சம் கிடையாதாம்.”

“நான் எழுதினதை நானே வேண்டாம்னு சொல்றேன். அதுக்காவது மதிப்பு உண்டா?”

“திரும்பப் பெற்றதுன்னு ஒரு குறி விழும். எடை குறையாது. மிரட்டித் திரும்பப் பெறவெச்ச கதையெல்லாம் நடந்துது, அதனால அந்த விதி.”

கோமதிநாயகம் சுவரருகே போனார். “செங்கானூரைக் காட்டுங்க. அங்கே ஒரு பொறியாளர் பதினோரு வருஷமா அளந்து வெச்சிருக்காங்க.”

தமயந்தி வரைபடத்தை விரித்தார். கோமதிநாயகத்தின் பெரிய வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு திட்டு கறுப்பாகக் கிடந்தது. அங்கே எதுவும் இல்லை.

“யாரும் அதை மேற்கோள் காட்டலை. அதனால இந்தப் படத்துல அது கிடையாது” என்றார் தமயந்தி. “யார் யாரைப் பாத்துப் பேசறாங்கன்னு இதுல தெரியும். என்ன பேசறாங்கன்னு தெரியாது. பேசாம வேலை செய்யறவங்க இருக்காங்களான்னும் தெரியாது.”

“இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சேவா இருக்கு?”

“நான்தானே இதைக் கட்டினேன்.” அவர் சிரிக்கவில்லை. “ஒரே வழிதான் தோணுது. புது மேற்கோள் வராட்டி எடை மெல்லத் தேயும். உங்களைப் பத்தி யாரும் பேசாம இருக்கணும். தப்புன்னு சொல்றதுக்காகக்கூட.”

கோமதிநாயகம் அதையும் செய்து பார்த்தார். இந்தத் துறையில் எழுதும் அறுநூற்றுப் பதினொரு பேருக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதினார்: என் கட்டுரையைத் தயவுசெய்து குறிப்பிடாதீர்கள், மறுப்பதற்காகவும் வேண்டாம். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்டில் எண்ணிக்கை ஏறுவது நின்றது. செப்டம்பரில் லேசாக எடை இறங்கியது. அந்த மாதக் கடைசியில், எங்கோ ஒரு சமூகவியல் ஆய்வாளர் ‘மறக்கப்பட விரும்பிய அறிஞர்’ என்று அந்தக் கடிதத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை. மூன்று வாரத்தில் நூற்று நாற்பது பேர் அதைத் தொட்டு எழுதினார்கள். எல்லாருமே மூலக் கட்டுரையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த எண்ணிக்கையைப் பார்த்த அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு வயது கோமதிநாயகம் ஒருவன் எங்கோ உயிரோடு இருக்கிறான். இவர் வாயைத் திறந்தாலும் மூடினாலும் அவன் வளர்கிறான். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

*

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு எப்சிபா அழைத்தார். பின்னால் காற்றும் மழையும் இரைந்தன.

“சார், கீழப்புதூர்க் குளத்துல நிக்கேன். இருவத்தாறு மணி நேரமாச்சு. கரை ஊறுது.”

“சான்றி என்ன சொல்லுது?”

“என்ன சொல்லும்? நீங்க சொன்னதத்தான் சொல்லுது.”

“கீழே எத்தனை வீடு?” என்று மட்டும் கேட்டார்.

“நூத்திப் பத்து. ஷட்டரு மோட்டார சான்றி பூட்டியிருக்கு. கைச்சக்கரம் இருக்கு. திறக்கப் போறேன்.”

“உங்க வேலை போயிடுமேம்மா.”

“போன தடவ வேல போவல சார்.”

போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும். துருப்பிடித்த சக்கரம் கிறீச்சிடுவதும், எப்சிபா மூச்சிரைப்பதும், பிறகு தண்ணீர் விழும் பேரோசையும் அவர் காதில் விழுந்தன. நூற்றுப் பத்து வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரை நின்றது.

மறுநாள் சான்றியில் பதிவு வந்தது: ‘கீழப்புதூர்க் குளம்: கரை பாதுகாப்பாக உள்ளது. கோமதிநாயகம் எண் மேலும் ஒரு முறை உறுதியானது.’ அதற்கு அடுத்த வரியில், தேவையின்றி நீரை வீணாக்கியதற்காக எப்சிபாவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்த ஆணை.

அன்று மாலையே தமயந்தி பேசினார்.

“இன்னொரு வழி இருக்கு. ஆசிரியரே தன் கட்டுரைக்கு விளக்கக் குறிப்பு எழுதினா, மூலத்தோட எடை முழுக்க அதுக்கு வந்துடும். அன்னைக்கே அமலுக்கு வரும்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“ஏன்னா விளக்கத்துல மூலம் தப்புன்னு இருக்கக் கூடாது. திரும்பப் பெற்ற கட்டுரைக்கு விளக்கமும் எழுத முடியாது. நீங்க அந்த அறிவிப்பை ரத்து பண்ணணும். எழுபத்திரண்டு சரிதான், அது புதுக் கரைக்குன்னு எப்பவுமே நினைச்சுதான் எழுதினேன், பழைய கரைக்கு இருபதுன்னு சொல்லணும்.”

“நான் அப்படி நினைச்சு எழுதலையே.”

“சான்றி நினைப்பைக் கேக்காது.” தமயந்தி தொடர்ந்தார். “ஒரு விஷயம். விளக்கம் வந்தா, பழைய சம்பவம் எல்லாத்தையும் சான்றி மறுபடி கணக்குப் போடும். கட்டுரையில தப்பில்ல. சான்றியிலும் தப்பில்ல. செங்கானூர்ல மூணு பேர் செத்திருக்காங்க. அப்போ தப்பு, கரை பழசுன்னு சொல்லாமக் கேட்டு, புதுக் கரையோட எண்ணைப் பழைய கரைக்குப் போட்டுக்கிட்டு நின்னவங்க மேல வரும்.”

*

இதைப் போனில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் ரயிலில் பாளையங்கோட்டை போனார். எப்சிபா வீட்டு முன்னறையில், மின்விசிறிக்கு அடியில், நனைந்த டைரி ஒன்றின் பக்கங்களைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் சொன்னதை முழுவதும் குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்ப கீழப்புதூர்?”

“அந்தக் குற்றச்சாட்டு விலகிடும். நீங்க செஞ்சது சரின்னு ஆயிடும்.”

“செங்கானூர்?”

“அதுல நீங்க குற்றவாளி.”

எப்சிபா ஒரு பக்கத்தைப் புரட்டி, ஓரத்தைக் கையால் நீவிவிட்டார்.

“நான் எழுதப் போறதில்ல” என்றார் கோமதிநாயகம். “நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். வேற வழி பாப்போம்.”

“வேற வழி இருக்கா சார்?”

எப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

“அடுத்த மழ எப்ப?”

“வெள்ளிக்கிழமைங்கறாங்க.”

“எங்க பக்கத்துல மட்டும் பழைய கரை நாப்பத்தி மூணு. அத்தனைக்கும் சக்கரம் சுத்த நான் ஒருத்தி போதுமா? அதுவும் இப்ப சஸ்பெண்டுல இருக்கேன். கரையில ஏறவே விடமாட்டாங்க.”

“மூணு உயிர் உங்க தலையில விழும், எப்சிபா.”

“ஏற்கெனவே அங்கதான சார் இருக்கு. காகிதத்துல ஏறல, அவ்வளவுதான்.” அவர் எழுந்து சாப்பாட்டு மேசையில் கிடந்த பாத்திரங்களை ஒதுக்கி இடம் செய்தார். “உக்காருங்க. எழுதுங்க. அளவெல்லாம் நான் சொல்லுதேன்.”

மூன்று மணி நேரம் எழுதினார்கள். எப்சிபாவின் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்தார் கோமதிநாயகம்; சான்றி அதை ஏற்கவில்லை. விளக்கம் எழுதும் உரிமை மூல ஆசிரியருக்கு மட்டுமே. பதினோரு ஆண்டு அளவீடுகள் ‘வட்டாரப் பதிவுகள்’ என்ற தலைப்பில் ஓர் அட்டவணையாகப் போயின. தன் தவறை ஒப்புக்கொண்ட அறிவிப்பை அவரே ரத்து செய்தார். அனுப்பிய நான்காவது நிமிடத்தில் பச்சை எழுத்து வந்தது: ‘ஏற்கப்பட்டது.’

வெள்ளிக்கிழமை பெய்த மழையில் இருபதாவது மணி நேரத்தில் நாற்பத்து மூன்று ஷட்டர்களும் திறந்தன. ஒரு கரையும் உடையவில்லை.

கீழப்புதூர் வழக்கை ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். செங்கானூர் விசாரணை டிசம்பரில் மறுபடி நடந்தது. கோமதிநாயகம் சாட்சி சொல்லப் போனார். அன்று அந்தப் பொறியாளருக்கு வேறு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை, நான் எழுதியதுதான் தவறு என்றார். விசாரணை அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

“உங்க கட்டுரை தப்புன்னு எங்கயும் பதிவு இல்லையே, பேராசிரியரே?”

இல்லைதான். இருந்த ஒன்றையும் அவரே அழித்திருந்தார். எப்சிபாவை நிரந்தரமாக வேலையை விட்டு நீக்கினார்கள். மூன்று பேரின் சாவுக்குக் காரணமான கவனக்குறைவு என்று ஆணையில் எழுதியிருந்தது.

*

ஜனவரியில் கோமதிநாயகம் செங்கானூருக்குப் போனார். உடைந்த இடத்தில் புதிதாகக் கட்டிய கரைக்குக் கீழே, பழைய இடத்திலேயே டீக்கடை இருந்தது. சுயம்புலிங்கத்தின் மகள் பொன்செல்வி அதை நடத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அம்மா அப்பா போன பிறகு, வாரம் தவறாமல் எப்சிபா இவளைப் பார்க்க வந்துபோவாராம். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் சொன்னார். ஆணை செய்தித்தாளில் வந்த நாளிலிருந்து இவள் அவரைக் கடைக்குள் விடவில்லை.

கூட்டம் குறைந்ததும் கோமதிநாயகம் தான் யார் என்று சொன்னார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: நான்கு குளங்கள், நல்ல சாலை, மூன்று முறை கேட்ட அனுமதி, சாப்பாட்டு மேசையில் எழுதிய விளக்கம். பொன்செல்வி அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

“அப்ப அந்த அக்கா மேல தப்பில்லையா?”

“இல்லம்மா. தப்பு என்னுது.”

“இத எங்க மாமா நம்பமாட்டாரு. போஸ்ட்மேன் வீட்லயும் நம்பமாட்டாக. பேப்பர்ல வந்திருக்குல்லா.” கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “இப்பச் சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நான் எல்லார்ட்டயும் காட்டுதேன். அந்த அக்காவயும் கூட்டிட்டு வாரேன்.”

எழுதினால் அதை யாராவது படம் எடுப்பார்கள். அது செய்தியாகும். மூல ஆசிரியர் கையெழுத்திட்ட மறுப்பைச் சான்றி திரும்பப் பெற்றதாகவே பதியும்; திரும்பப் பெற்ற கட்டுரைக்கு விளக்கம் செல்லாது. பழைய கரைகளுக்கு மறுபடி எழுபத்திரண்டு வரும்.

கோமதிநாயகம் பேனாவைக் கையில் எடுத்தார். கடைக்கு ஆட்கள் இருவர் வந்து டீ சொன்னார்கள். பொன்செல்வி பாலைச் சூடாக்கி, ஆற்றி, கொடுத்து, காசு வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். தாள் வெறுமையாக இருந்தது.

“என்ன சார்,” என்றாள், “எழுதத் தெரியாதா?”